வசந்தாமணிக்கு எழுந்த ஊசி

ஆனி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, திருமூர்த்தி மிதிப்பதற்கு முன்பே வண்டி இழுத்தது. செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை உள்ளங்கால் லேசாகத் தொடும்படி வைத்துக்கொண்டு, இனிமேல்தான் அழுத்தவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தம் காட்டுகிற பூஸ்ட் மீட்டரின் ஊசி எழுந்து, எஞ்சின் பாடி, சக்கரங்களுக்கு அடியில் இருந்த இரும்பு உருளைகள் கடகடவென்று சுழன்று, எல்லாம் அடங்கியும் போயிற்று. அதற்கப்புறம் அவன் அழுத்தினான், அழுத்தியதற்கு ஒன்றும் வரவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பான். திருமூர்த்தி, கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டோம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

ஊஞ்சமேட்டில் காற்று செய்கிற எதற்கும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மேற்கே மலைகளுக்கு நடுவில் புகுந்து வருகிற காற்று வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் ஊரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆட்கள் சாய்ந்து நடப்பார்கள், கத்திப் பேசுவார்கள், சுற்றிலும் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் காற்றை எஞ்சினுக்குள் திணித்துப் பிழைக்கிற மனிதன் ஒருவன் இருந்ததும் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மூடிப்போன நூல் மில்லிலிருந்து உருளைகளை வாங்கி, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சோதிக்கும் மேடையைத் திருமூர்த்தி தன் கையாலேயே செய்திருந்தான். கோயமுத்தூரிலிருந்து பந்தயக்காரர்கள்கூட அவனைத் தேடி வருவார்கள்.

அந்த வண்டி கோழிக்குஞ்சுப் பண்ணை சென்னியப்பனுடையது. எங்கோ துறைமுகத்தில் இறங்கி நாலு கை மாறி வந்த வெளிநாட்டுக் கார். அதற்கு இரண்டு டர்போ. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் உள்ளே இன்னும் அதிகக் காற்றை அமுக்குவதுதான் டர்போவின் வேலை. இந்த வண்டியில் சின்ன டர்போ சின்ன மருமகள் மாதிரி, கூப்பிட்டவுடன் எழுந்து வந்துவிடும். பெரியது பெரிய மருமகள் மாதிரி, மெதுவாகத்தான் எழும், எழுந்தால் பத்து ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்யும். சின்னவள் களைத்துப் பெரியவள் வருவதற்குள் அடுப்படியில் யாருமே இல்லாத ஒரு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி தொங்கும். திருமூர்த்தி அதைப் பள்ளம் என்று சொல்லுவான்.

"மூர்த்தி, பந்தியில உக்கார வெச்சு எலையப் போட்டு, தண்ணியுந் தெளிச்சுட்டு, சோறு போடறவன் காணாமப் போயர்றான் பாரு, அப்படி இருக்குதப்பா இந்த வண்டி" என்றார் சென்னியப்பன்.

"ரொப்பிக் குடுத்தர்றனுங்ணா. மிதிக்கறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல ஒரு மயிரிழை இருக்காது."

வீறாப்பாகப் பேசிவிட்டானே தவிர, வண்டியில் பெரிய டர்போவை எழுப்புகிற மெல்லிய ரப்பர்க் குழாய்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. புதிதாக வரவழைக்க இரண்டு மாதமாகும் என்றார்கள். பொறுமை இருந்தால் அவன் ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறான்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் விவசாயச் சாமான் கடைக்குப் போய், தென்னைக்குச் சொட்டுத் தண்ணீர் விடுகிற கறுப்புக் குழாய் நாலு முழமும், அதன் நடுவில் மாட்டுகிற சின்னத் திருகு வால்வு ஒன்றும் வாங்கிவந்தான். சின்ன டர்போவின் காற்றில் ஒரு சொட்டை முன்கூட்டியே திருடிப் பெரியதன் காதில் ஊதினால் அது சீக்கிரம் எழுந்துவிடும் என்பது கணக்கு. திருகைக் கால்வாசி திறந்தான், பள்ளம் பாதி நிரம்பியது. அரைவாசி திறந்தான், முழுக்க நிரம்பியது, மிதித்த கணமே இழுத்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். யாருக்குத்தான் நிறுத்தத் தெரிகிறது? இன்னும் ஒரு நெல்லளவு திறந்தான்.

அந்த வீட்டில் இன்னொரு வால்வும் சரியில்லாமல் இருந்தது. திருமூர்த்தியின் மனைவி வசந்தாமணிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிற்று என்று கோயமுத்தூர் டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டி, மார்பைத் திறந்து புதிதாக மாற்றிவிடலாம் என்று ஆவணி மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். பத்துப் பேருக்குச் செய்தால் ஒன்பது பேர் நல்லபடியாக எழுந்து நடக்கிறார்கள் என்றும் சொன்னார். வசந்தாமணி அந்த ஒன்பது பேரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். திருமூர்த்தி அந்த ஒருத்தியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தான். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, பதினெட்டு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள், அவளில்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை சோறுகூட அவனுக்கு இறங்காது.

சென்னியப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்றே திரும்பி வந்தார். சந்தைப்பேட்டை முக்கில் மாடு குறுக்கே வந்ததற்காக நின்றுகொண்டிருந்தபோது, கால் பிரேக்கிலேயே இருக்க, வண்டி தானாகப் பாடி முன்னால் துள்ளியதாம்; மாடு போனபிறகு மிதித்தால் சும்மா ஊர்ந்ததாம். "நாம நெனைக்கறதுக்கு முன்னாடி நம்ம செய்யறது அதுக்குத் தெரிஞ்சு போகுதப்பா. எனக்கு வேண்டாஞ்சாமி. நீயே வெச்சுக்க" என்று சாவியை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

வண்டி உருளை மேடையிலேயே நின்றது. பார்க்க வந்தவர்கள் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். சிலர் உள்ளங்காலை வைத்தவுடன் ஊசி எழுந்தது, சிலருக்கு எழவில்லை. ஹைஸ்கூலில் இயற்பியல் நடத்துகிற கனகசபை வாத்தியார்தான் நாலு நாள் வந்து நோட்டில் குறித்துப் பார்த்துவிட்டு, பட்டறைத் திண்டில் உட்கார்ந்தபடி, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

"இழுப்பு வண்டியோடது இல்ல மூர்த்தி, காலோடது. எந்தக் கால் என்னைக்காவது அந்தப் பெடலை மிதிக்கப் போகுதோ, அந்தக் காலுக்கு உண்டான இழுப்பு முன்னாடியே வந்துருது. மிதிக்கிற அன்னைக்கு ஒண்ணும் வராது. நீ ரொம்பத் திறந்துட்டே."

"அடைச்சுப் போடட்டுங்களா?"

"அடைக்காதே" என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி. "என்னைக்கோ மிதிக்கப்போறான்னா, அதுவரைக்கும் அந்த ஆள் உயிரோட இருக்கப்போறான்னு அர்த்தம், இல்லியா?"

இந்த ஒரு வாக்கியம் ஊரைச் சுற்றி வருவதற்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. கம்பவுண்டர் லூர்துசாமி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், ஊசி அசையவில்லை, ஒரு வாரத்தில் சளி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காற்றாலை வாட்ச்மேன் மாரப்பனுக்கு இரண்டு நொடி எழுந்தது. மறுநாள் காற்றாலை ஏணியில் நாற்பதடி உயரத்திலிருந்து விழுந்தவன், வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு பீடி கேட்டான். பிறகு அவனே ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, என்னதான் ஆகும் பார்க்கலாம் என்று பெடலை இரண்டு நொடி மிதித்தான். எஞ்சின் உறுமக்கூட இல்லை, ஊசி கல்லாகக் கிடந்தது. நாலாம் நாள் கிணற்று மேட்டில் பாம்பு தீண்டிச் செத்துப்போனான். அதற்கப்புறம் நம்பாமல் இருப்பதற்கு என்ன இருக்கிறது.

ஊர் அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வண்டிக்கு ஓய்வு, வியாழக்கிழமை பெண்களுக்கு மட்டும் என்று பஞ்சாயத்தில் முடிவு செய்து, பட்டறை முன்னால் மூங்கிலில் தடுப்புக் கட்டி வரிசை விட்டார்கள். செருப்பை மூங்கிலுக்கு வெளியே விடவேண்டும். கால் பெடலைத் தொட வேண்டும், ஆனால் மிதித்துவிடக் கூடாது, பயத்தில் மிதித்துவிட்டால் வந்தது போய்விடும் என்பதால், சொந்தக்காரர் ஒருவர் கதவோரம் குந்தி உட்கார்ந்து கணுக்காலை இறுகப் பிடித்துக்கொள்வது என்று ஆயிற்று. ஊசி எழுந்தவர்களை எழுந்தவங்க என்றார்கள், மற்றவர்களை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமலே விட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன் எழுந்ததா என்று கேட்டார்கள். எழாதவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கூசினார்கள், அவர்களும் ஒவ்வொரு குடும்பமாக அக்கா வீடு, அண்ணன் வீடு என்று ஊரைவிட்டுப் போனார்கள். எழுந்தவர்கள் பெடலைப் போல இருக்கிற எதையும் மிதிக்கப் பயந்தார்கள். டெய்லர் பழனாத்தாள், இருபத்தைந்து வருஷமாக மிதித்த தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையாலேயே தைக்கிறேன் என்றாள். சிலர் வலது காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, சிரித்தவர் ஒருவரும் இல்லை.

இத்தனை பேர் வந்து போனாலும் திருமூர்த்தி தன் மனைவியை மட்டும் அந்த வண்டி பக்கம் விடவில்லை. டீ கொடுக்க வந்தால்கூட வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவான். ஊசி எழாமல் கிடந்தால் அதைப் பார்த்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது என்பதுதான் அவன் பயம். ஆடிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, அவளே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.

"நீ எதுக்கு வந்தே? வூட்டுக்குப் போ வசந்தா."

"ஏனுங்க, தாராபுரத்திலிருந்தெல்லாம் வந்து உக்காந்து பாத்துட்டுப் போறாங்க. பட்டறைக்காரன் பொண்டாட்டி நான் மட்டும் என்ன பாவம் பண்ணுனனுங்க? எழுலீன்னா எழுலீன்னு தெரிஞ்சுட்டுப் போறேன். நீங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பயப்படறதுதான் எனக்குப் பெரிய சீக்கா இருக்குது."

வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் கதவைத் திறந்து அவளை உட்காரவைத்தான். அவளுடைய பாதங்கள் நீர் கோத்து வீங்கியிருந்தன, கணுக்காலை இறுக்கிப் பிடித்தால் விரல் பதிந்து குழி விழுந்தது, அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. இந்த நடுக்கத்தில் மிதித்துவிடுவாளோ என்று அவனுக்குப் பகீரென்றது. கணுக்காலை விட்டுவிட்டு, தன் வலது உள்ளங்கையைப் பெடலின் மேல் விரித்து, அதன்மேல் அவளுடைய பாதத்தை எடுத்து வைத்துக்கொண்டான். "கைமேல வெச்சுக்க அம்மிணி. நான் தாங்கிக்கறேன்" என்றான்.

ஊசி எழுந்தது. எழுந்தது மட்டுமல்ல, அச்சடித்த எண்களையெல்லாம் தாண்டி ஓரத்தில் போய் முட்டி நின்றது. சின்னதும் பெரியதும் ஒரே குரலில் கூவின, உருளைகள் அலறின, கூரைத் தகரம் அதிர்ந்து மேலே கிடந்த குருவிக்கூடு கலைந்து விழுந்தது, மூங்கில் தடுப்பில் காயப்போட்டிருந்த துண்டுகள் எல்லாம் வண்டியின் மூக்கைப் பார்த்து நீண்டு நின்றன. கனகசபை வாத்தியார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நொடி. பிறகு ஊசி பொத்தென்று விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், யாரோ ஓடிப்போய்ச் சர்க்கரை வாங்கிவந்து கொடுத்தார்கள், ஊரில் அதுவரைக்கும் யாருக்கும் நாலு நொடிக்குமேல் எழுந்ததில்லை. திருமூர்த்தி அவள் பாதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குந்திய நிலையிலேயே அழுதான். ஆம்பிளை அழுகிறானே என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

வாத்தியார் மட்டும் சந்தோஷமாக இல்லை. "பதினோரு நொடி அடிவரைக்கும் மிதிக்கிறதுன்னா அது சும்மா மிதிக்கிறது இல்ல மூர்த்தி. எதுக்கோ பயந்து ஓடுறவங்க மிதிக்கிற மிதி" என்றார்.

"அவளுக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுங்க வாத்தியாரே. எங்க போயி மிதிக்கப்போறா?" என்று சொல்லிவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி பல வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "இனிப் பயமில்லீங்களே. ஆவணியில போயித் தெம்பா ஆப்பரேசன் பண்ணிட்டு வந்தர்லாம்" என்றாள்.

"எதுக்கு ஆப்பரேசன்? உனக்குத்தான் ஒண்ணும் ஆகாதுன்னு ஆயிப்போச்சே. நெஞ்சைப் பொளந்து பாக்கறதுக்கு உன்னை நான் குடுக்க மாட்டேன்."

"மூச்சு முட்டுதுங்களே."

"முட்டட்டும். போகாதில்ல."

இதைச் சொன்னவன் கெட்டவன் இல்லை, அவ்வளவு பயந்தவன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வரவில்லை, வேறு யாருக்காவது நாளைக் கொடுத்துவிடுங்கள் என்றான். அவள் அன்று ராத்திரிக்கு அவனுக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைந்து வைத்தாள். ஆவணி மூன்றாவது வெள்ளிக்கிழமை எல்லா வெள்ளிக்கிழமையும் போலப் போயிற்று.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஊரில் புதுப்பழக்கம் ஒன்று வந்தது. பதினோரு நொடி எழுந்ததற்குக் காரணம் திருமூர்த்தி பாதத்துக்கு அடியில் கை கொடுத்ததுதான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கட்டியவன் கையில் மிதித்தால் ஆயுசு நீளுமாம். கணுக்காலைப் பிடிக்கிற வழக்கம் ஒழிந்தது. புருஷன் பெண்டாட்டிக்கும், மகன் அம்மாவுக்கும், அண்ணன் தங்கைக்கும் பெடல்மேல் உள்ளங்கையை விரித்துக் கொடுத்தார்கள். ஏற்கனவே பார்த்து எழாதவர்கள்கூட ஊர் திரும்பி வந்து, இந்த முறையில் இன்னொரு தடவை பார்த்து, எழுந்துவிட்டது என்று சந்தோஷமாகப் போனார்கள். அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது கேள்வி கேட்கிற ஊர் எங்கே இருக்கிறது.

புரட்டாசியில் ஊருக்குள் ஒரு சத்தம் சேர்ந்துவிட்டது. எழுந்தவர்கள் வீடுகளில் நோய் இருந்தது, வைத்தியம் இல்லை. எப்படியும் போகாது என்கிற உயிருக்கு எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டார்கள். சர்க்கரைக்காரர்களின் விரல் கறுத்தது, இருமுகிறவர்கள் இருமிக்கொண்டே கிடந்தார்கள், பகலில் காற்று ஒரு நொடி ஓய்ந்தால் தெருத் தெருவாக முனகல் கேட்கும், எல்லோரும் காற்று மறுபடி அடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். வசந்தாமணியால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். உதடு நாவல்பழத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. திருமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, ஒன்றும் ஆகாது அம்மிணி, ஒன்றும் ஆகாது என்று சொல்லுவான். அவள் அவனுக்காகத் தலையாட்டுவாள்.

ஐப்பசி ஐந்தாம் தேதி காலையில், கறிக்கடை ரங்கசாமியின் அம்மா நஞ்சம்மாள் செத்துப்போனாள். நாலு நொடி எழுந்தவள், பெடல் பக்கமே போகாதவள், காலை டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தவள், வைத்தபடியே போய்விட்டாள். ஊர் நம்பவில்லை. பறையடிக்க வந்தவர்களை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தார்கள், கிழவிக்குக் கோபம் வருகிற மாதிரி மருமகளைத் திட்டச் சொல்லிக்கூடப் பார்த்தார்கள். மத்தியானம் ஆகியும் எழவில்லை, உடம்பு விறைத்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து கனகசபை வாத்தியார் கேட்டார்.

"ரங்கசாமி, அன்னைக்கு அம்மாவை உக்கார வெச்சப்போ பெடல் மேல என்னப்பா இருந்துச்சு?"

"அம்மா காலுங்க."

"காலுக்கு அடியில?"

"என்ற கையிங்க" என்று ரங்கசாமி வலது கையை விரித்துக் காட்டினான். காட்டியவன் அதைப் பார்த்தான், பார்த்ததும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான்.

அங்கே நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டார்கள், பக்கத்தில் நின்ற மனைவியை, அம்மாவை, தங்கையைப் பார்த்தார்கள், அவர்களும் இவர்களைப் பார்த்தார்கள். பெடலைத் தொட்டது யாருடைய உடம்போ அவருக்குத்தான் இழுப்பு. திருமூர்த்தி தன் கையைப் பார்க்கவில்லை. அவன் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தான்.

அவன் வந்தபோது வசந்தாமணி சுவரோரம் சாய்ந்து, வாய் திறந்தபடி, காற்றைக் குடிப்பதற்குத் தவித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான், வருவதற்கு முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் கோயமுத்தூருக்கே போய்விடலாமே, தன் பட்டறையில் நிற்பதைவிட வேகமான வண்டி இந்த ஜில்லாவிலேயே இல்லையே என்றுதான் அவனுக்குத் தோன்றியது, மிதித்தால் என்ன ஆகும் என்பது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய் முன்னிருக்கையில் சாய்த்துவைத்து, உருளை மேடையிலிருந்து வண்டியைப் பின்னால் இறக்கி, தடுப்பு மூங்கிலை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தான். சந்து பொந்தெல்லாம் மெதுவாக உருட்டி வந்தபோது பெடலை அழுத்தவேண்டிய வேலை இல்லை.

"எங்கீங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்கு. இன்னைக்கே மாத்திப்போடச் சொல்றேன். நான் பண்ணுனது தப்பு அம்மிணி. அன்னைக்கு ஊசி எழுந்தது உனக்கில்ல. பெடல் மேல இருந்தது என்ற கையி."

அவள் அதை யோசித்துப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் ஏறியதும் சாலை ஆளில்லாமல் நேராகக் கிடந்தது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ரயில்வே கேட்டில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியிருந்தது, மணியடித்துக்கொண்டிருந்தது, கம்பம் இன்னும் இறங்கவில்லை. இந்த வண்டிக்கு அது ஒரு தூரமே இல்லை. திருமூர்த்தி வெறுங்காலால் பெடலை அடிவரைக்கும் மிதித்தான்.

ஒன்றும் வரவில்லை. ஊசி கிடந்த இடத்திலேயே கிடந்தது. சின்னதும் எழவில்லை, பெரியதும் எழவில்லை, வண்டி மாட்டுவண்டியாக ஊர்ந்தது. மிதித்த காலை எடுக்காமலே அவன் புரிந்துகொண்டான். ஆடி மாத வியாழக்கிழமை, கூரைத் தகரம் அதிர, ஊர்ப் பெண்கள் குலவையிட, சர்க்கரை கொடுத்துக் கொண்டாடிச் செலவழித்தது இதைத்தான். மூன்று, நாலு. கம்பம் அசைந்தது. ஆறு. "ஏறு, ஏறு" என்று கத்திக்கொண்டு ஸ்டியரிங்கை முன்னால் தள்ளினான், ஏதோ கையால் தள்ளினால் போய்விடும் என்கிற மாதிரி. எட்டு, ஒன்பது. கம்பம் பாதிக்கு வந்து, முக்காலுக்கு வந்து, சாலைக்குக் குறுக்கே படுத்தது. பதினொன்று. அவன் காலை எடுத்து, வண்டியைக் கேட்டுவரைக்கும் மெதுவாக உருட்டிக்கொண்டு போய், பிரேக்கை மிதித்து நிறுத்தினான்.

நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி வந்தது. அதற்கு அவசரம் எதுவும் இல்லை.

"நின்னுட்டமுங்களா?" என்றாள் வசந்தாமணி, கண்ணைத் திறக்காமல்.

"கேட்டு போட்டுட்டாங்க. சித்த நேரந்தான். மூச்சை மெதுவா இழு அம்மிணி, என்னையப் பாரு."

அவள் அவனைப் பார்த்தாள். அவனுடைய வலது கையைத் தேடி எடுத்து, மடியில் வைத்து, அந்த உள்ளங்கையை விரலால் தடவினாள்.

"அப்ப அது உங்குளுக்குத்தான் வந்துச்சுங்களா?"

"ஆமா."

"அப்பாடா" என்றாள். "அப்ப நீங்க இருப்பீங்க."

அந்த இழுப்பை இப்போதுதான் மிதித்துத் தீர்த்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். தலையை மட்டும் ஆட்டினான். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன, தரை அதிர்ந்தது, கரித்தூள் கண்ணாடியில் வந்து படிந்தது. அவன் கையைத் தடவிக்கொண்டிருந்த விரல் எந்தப் பெட்டி போகும்போது நின்றது என்பதை அவன் கவனிக்கவில்லை. நின்றுவிட்டது என்பதை மட்டும் கவனித்தான்.

கடைசிப் பெட்டி போயிற்று. கம்பம் மேலே எழுந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான், இன்னொருவன் அடித்தான், யாரோ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திட்டினார்கள். திருமூர்த்தி அவள் கையை விடாமலே பெடலை மிதித்தான். மிதித்த அந்தக் கணத்தில், முன்கூட்டியே வந்துபோன பதினோரு நொடியும் தீர்ந்திருந்ததாலோ என்னவோ, ஒரு மயிரிழை முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல், இழுப்பு முழுசாகக் காலோடு சேர்ந்து வந்து, வண்டி தண்டவாளத்தைத் தாண்டிப் பாய்ந்தது, வசந்தாமணியின் தலை பின்னால் போய் இருக்கையில் சாய்ந்து, சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது. அவன் காலை எடுக்கவில்லை.